இணையத்தோடு பேசும் சின்னக் கருவிகள்: ஆரம்பிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொழுதுபோக்காக எலக்ட்ரானிக்ஸ் பழகத் தொடங்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் உதவுமே என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். வைஃபை பகுதிக்கு நேராகத் தாவ நினைப்பவர்கள் முதல் ஐந்து பதில்களையாவது படித்துவிட்டுப் போங்கள். "நிரல் சரியில்லை" என்று என்னிடம் வந்த கோளாறுகளில் பாதிக்கு மேல் ஒயரிலும் மின்சாரத்திலும்தான் இருந்தன.

1. எலக்ட்ரானிக்ஸ் எனக்கு ஒன்றுமே தெரியாது. பள்ளியில் படித்ததும் மறந்துபோச்சு. நான் ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. தெரிய வேண்டியவை மூன்று சொற்கள்: வோல்ட், ஆம்பியர், ஓம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது வோல்ட். குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது ஆம்பியர். குழாய் எவ்வளவு ஒடுக்கம் என்பது ஓம். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர் வரும். ஜார்ஜ் ஓம் 1827-ல் வெளியிட்ட இந்தக் கணக்கே முதல் ஆறு மாதத்துக்குப் போதும்.

ஷாக் அடிக்குமோ என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. இந்தப் பக்கத்தில் சொல்லும் வேலைகள் 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் நடப்பவை. தப்பு செய்தால் பாகம் சூடாகும், கெடலாம்; உங்களுக்கு ஒன்றும் ஆகாது. வீட்டு மின்சாரம் முற்றிலும் வேறு விஷயம். அதைக் கேள்வி 16-ல் சொல்லியிருக்கிறேன்.

2. ஆர்டுவினோ என்கிறார்கள், இஎஸ்பி32 என்கிறார்கள், ராஸ்பெர்ரி பை என்கிறார்கள். எதை வாங்குவது?

இவை மூன்றும் நிரல் ஏற்றி ஓட்டும் சின்னப் போர்டுகள். இணையத்தோடு இணைப்பதுதான் குறிக்கோள் என்றால் இஎஸ்பி32 வாங்குங்கள். எஸ்பிரெஸ்சிஃப் நிறுவனம் 2016-ல் கொண்டுவந்தது. 240 மெகாஹெர்ட்ஸ் வேகம், இரண்டு கோர், 520 கிலோபைட் நினைவகம், வைஃபை, புளூடூத் எல்லாம் ஒரே சிப்பில். அதற்கு இரண்டு வருடம் மூத்த இஎஸ்பி8266-ம் நல்ல சிப்தான், ஆனால் அதில் அனலாக் பின் (ஏறி இறங்கும் வோல்ட்டைப் படிக்கும் கால்) ஒன்றே ஒன்று. ராஸ்பெர்ரி பை பீகோ டபிள்யூ (2022) வாங்கினாலும் தவறில்லை.

ஆர்டுவினோ ஊனோவில், ஆர்3 வரை, வைஃபை கிடையாது. 16 மெகாஹெர்ட்ஸ், 2 கிலோபைட் நினைவகம். ஆனால் தப்புகளைப் பொறுத்துக்கொள்ளும் போர்டு. மின்சுற்று மட்டும் பழக இன்றும் அருமையானது. ராஸ்பெர்ரி பை என்று பொதுவாகச் சொல்லும் பெரிய போர்டோ லினக்ஸ் ஓடும் முழுக் கணினி. வெப்பநிலையைப் படித்து அனுப்ப மட்டும் அது தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. இஎஸ்பி32 என்பது இப்போது ஒரு குடும்பப் பெயர். எஸ்2, எஸ்3, சி3, சி6 என்று பல பிள்ளைகள், பின் எண்கள் ஒவ்வொன்றிலும் மாறும். இந்தப் பக்கத்தில் வரும் எண்கள் முதலில் வந்த இஎஸ்பி32-க்கு உரியவை.

3. போர்டு வாங்கியாச்சு. வேறு என்னென்ன வேண்டும்?

ஒரு பிரெட்போர்டு (பாகங்களைச் செருகி இணைக்கும் ஓட்டைப் பலகை), ஜம்பர் ஒயர்கள், நாலைந்து எல்இடி, இரண்டு பட்டன், 220 ஓம், 1 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், ஏதாவது ஒரு வெப்பநிலை சென்சார். அப்புறம் ஒரு மல்டிமீட்டர். முப்பது நாற்பது சென்சார் அடங்கிய பெரிய பெட்டி வேண்டாம். அதில் பாதியை யாரும் தொடுவதில்லை.

மல்டிமீட்டரைத் தள்ளிப்போடாதீர்கள். சாதாரணமானது போதும். இரண்டு வேலைக்கு அதை நம்பியிருப்பீர்கள்: வோல்ட் வருகிறதா என்று பார்க்க, ஒயர் நடுவில் அறுந்திருக்கிறதா என்று "பீப்" சத்தம் வைத்துக் கண்டுபிடிக்க. ஆம்பியர் அளக்கும் நிலையில் வைத்துக்கொண்டு மின்சார முனைகள் இரண்டையும் நேரடியாகத் தொட்டுவிடாதீர்கள். அது ஷார்ட் சர்க்யூட்; மீட்டரின் உள்ளே ஃபியூஸ் போய்விடும்.

4. பிரெட்போர்டில் எந்த ஓட்டை எதோடு சேர்ந்திருக்கிறது என்றே புரியவில்லை.

நடுவில் ஒரு பள்ளம் ஓடும். அதன் இருபுறமும் ஐந்து ஐந்து ஓட்டைகளாக வரிசைகள். ஒரு வரிசையின் ஐந்து ஓட்டைகளும் அடியில் ஒரே உலோகப் பட்டையில் சேர்ந்திருக்கும். பள்ளத்தைத் தாண்டி இணைப்பு கிடையாது. ஓரங்களில் நீளவாக்கில் ஓடும் சிவப்பு, நீலக் கோடுகள் மின்சாரத்துக்கும் கிரவுண்டுக்கும் (0 வோல்ட் முனை). சில பிரெட்போர்டுகளில் இந்த நீளக் கோடு பாதியில் துண்டாகியிருக்கும், பார்த்தால் தெரியாது. மீட்டரின் பீப்பை வைத்து முதல் நாளே சோதித்துவிடுங்கள்.

இன்னொன்று. தனி அடாப்டரோ பேட்டரியோ சேர்க்கும்போது அதன் கிரவுண்டையும் போர்டின் கிரவுண்டையும் இணைத்தே ஆக வேண்டும். வோல்ட் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம். பொதுவான கிரவுண்ட் இல்லாவிட்டால் போர்டு அனுப்பும் 3.3 வோல்ட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் அர்த்தமே இல்லை. விநோதமாக நடந்துகொள்ளும் சுற்றைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது இந்தக் கிரவுண்ட் ஒயரைத்தான்.

5. எல்இடிக்கு ரெசிஸ்டர் கட்டாயமா? இல்லாமலே எரிகிறதே?

எரியும். அதன் ஆயுளும் போர்டு பின்னின் ஆயுளும் குறையும். சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட்டைத் தன்மேல் வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் கொடுத்தால் மின்னோட்டம் எகிறும். கட்டுப்படுத்துவது ரெசிஸ்டர்தான். கணக்கு இப்படி: 3.3-லிருந்து 2 போனால் மீதி 1.3 வோல்ட். அதை 220 ஓமால் வகுத்தால் சுமார் 6 மில்லிஆம்பியர். கண்ணுக்கு நன்றாகத் தெரியும், பின்னுக்கும் சுமையில்லை. ஒரு பின்னிடம் 20 மில்லிஆம்பியருக்கு மேல் கேட்காமல் இருப்பது நல்ல பழக்கம்.

நீலம், வெள்ளை எல்இடிகள் 3 வோல்ட்டை ஒட்டிக் கேட்கும். 3.3 வோல்ட் போர்டில் அவை மங்கலாக எரிந்தால் எல்இடி கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். 220 ஓம் ரெசிஸ்டரின் நிறங்கள் சிவப்பு, சிவப்பு, பழுப்பு. நிறத்தில் சந்தேகம் வந்தால் மீட்டரில் அளந்துவிடுங்கள்.

6. யூஎஸ்பியில் செருகினேன். விளக்கு எரிகிறது, ஆனால் கணினி போர்டைக் கண்டுகொள்ளவே இல்லை.

முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் செய்ய மட்டுமே ஆன கேபிள்களில் தகவல் ஒயர் இரண்டும் இருக்காது. மின்சாரம் போகும், பேச்சு போகாது. கேபிள் சரி என்றால் டிரைவரை (கணினி போர்டோடு பேச உதவும் மென்பொருள்) பாருங்கள். போர்டில் யூஎஸ்பி வாய்க்கு அருகே ஒரு சின்ன சிப் இருக்கும், அதில் சிபி2102 அல்லது சிஎச்340 என்று எழுதியிருக்கும். அதற்குரிய டிரைவரை நிறுவினால் கணினியில் போர்ட் (போர்டு இணைந்திருக்கும் வாயின் பெயர்) தெரியும்.

போர்ட் தெரிந்தும் நிரல் ஏறவில்லை என்றால், ஏற்றும்போது போர்டில் உள்ள "பூட்" பட்டனை அழுத்திப் பிடியுங்கள். எழுத ஆரம்பித்ததும் விட்டுவிடலாம். நிரல் ஏறிவிட்டது, ஆனால் திரையில் கிறுக்கலாக எழுத்து வருகிறது என்றால் வேகம் பொருந்தவில்லை. நிரலில் 115200 என்று எழுதிவிட்டு சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்பும் எழுத்தைக் காட்டும் சாளரம்) 9600 வைத்திருப்பீர்கள்.

7. நிரல் எழுதத் தெரியாது. சி++ கற்றுக்கொள்ள வேண்டுமா, மைக்ரோபைத்தான் போதுமா?

பைத்தான் கொஞ்சமாவது தெரிந்தவர் மைக்ரோபைத்தானில் (சின்ன போர்டுகளுக்கான பைத்தான்) ஆரம்பியுங்கள். ஒரு வரி எழுதி உடனே போர்டில் ஓட்டிப் பார்க்க முடிவது பழகுபவருக்குப் பெரிய வசதி. எதுவுமே தெரியாதவருக்கு நான் ஆர்டுவினோ மென்பொருள் வழியைச் சொல்கிறேன்; இஎஸ்பி32-க்கும் அதில் நிரல் எழுதலாம். அதன் மொழி சி++ தான், ஆனால் ஆரம்பத்தில் நீங்கள் பயன்படுத்துவது அதில் ஒரு சிறு மூலைதான். எந்த சென்சாருக்கும் லைப்ரரி (முன்பே எழுதிவைத்த நிரல் தொகுப்பு) கிடைக்கும், எந்தப் பிழைக்கும் யாராவது பதில் எழுதியிருப்பார்கள்.

மாதிரி நிரல்களை அப்படியே ஏற்றி ஓட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஓடியதும் விட்டுவிடாதீர்கள். அதில் ஒரு எண்ணை மாற்றுங்கள், என்ன ஆகும் என்று முன்கூட்டியே ஊகியுங்கள், ஓட்டிப் பாருங்கள். ஊகம் தப்பிய இடத்தில்தான் கற்றுக்கொள்கிறோம்.

8. பட்டனைத் தொடாமலே அழுத்தியதாகக் காட்டுகிறது. ஒருமுறை அழுத்தினால் மூன்று முறை எண்ணுகிறது.

இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். தொடாமலே காட்டுவது, பின் எதிலும் கட்டப்படாமல் மிதப்பதால். பட்டன் திறந்திருக்கும்போது அந்தப் பின்னுக்கு 0-ம் இல்லை, 3.3-ம் இல்லை, சுற்றியுள்ள இரைச்சலையெல்லாம் வாங்கிக்கொள்ளும். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் மூலம் 3.3 வோல்ட்டில் கட்டுங்கள், அல்லது நிரலில் உள்ளமைந்த புல்-அப்பை (சிப்பிலேயே இருக்கும் அதே மாதிரி ரெசிஸ்டர்) இயக்குங்கள். பட்டனின் மறுமுனை கிரவுண்டுக்கு. இப்போது அழுத்தாதபோது 1, அழுத்தினால் 0. தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றும், சீக்கிரம் பழகிவிடும்.

மூன்று முறை எண்ணுவது உலோகம் துள்ளுவதால். பட்டனின் உள்ளே தகடுகள் சில மில்லிவினாடிகளுக்குத் தொட்டுத் தொட்டு விலகும், போர்டு அத்தனையையும் பார்த்துவிடும். முதல் மாற்றத்துக்குப் பிறகு 30 முதல் 50 மில்லிவினாடி வரை வரும் மாற்றங்களைக் கண்டுகொள்ளாமல் விட்டால் சரியாகிவிடும்.

9. 5 வோல்ட் சென்சாரை இஎஸ்பி32-ல் நேராகச் செருகலாமா? நண்பன் செருகியிருக்கிறான், ஓடுகிறது.

சென்சாருக்கு 5 வோல்ட் மின்சாரம் கொடுக்கலாம், தடையில்லை. அது திருப்பி அனுப்பும் சமிக்ஞைதான் பிரச்சினை. இஎஸ்பி32-ன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு வடிவமைக்கப்பட்டவை. சில நாள் தாங்கலாம். பிறகு ஒருநாள் அந்தப் பின் மட்டும் செத்துப்போகும், காரணம் தெரியாமல் நிரலைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

தூரம் அளக்கும் எச்சி-எஸ்ஆர்04 சென்சாரைப் பாருங்கள். அதன் எக்கோ பின் 5 வோல்ட் தரும். அதை 1 கிலோ ஓம் வழியாகப் போர்டின் பின்னுக்குக் கொண்டுவந்து, அதே பின்னிலிருந்து 2 கிலோ ஓமை கிரவுண்டுக்குக் கட்டுங்கள். ஐந்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 3.33 வோல்ட்தான் பின்னுக்கு வரும். 2 கிலோ ஓம் தனியாக வாங்க வேண்டாம், கேள்வி 3-ல் சொன்ன 1 கிலோ ஓமில் இரண்டை வரிசையாக வைத்தால் போதும்.

10. எந்தப் பின்னை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமா? ஒரு ரிலேயை (மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்ச்) இணைத்தேன், போர்டு ஆரம்பிக்கவே மறுக்கிறது.

எல்லாப் பின்னும் ஒன்றல்ல. 6 முதல் 11 வரை உள்ளவை போர்டின் ஃபிளாஷ் நினைவகத்தோடு பேசிக்கொண்டிருப்பவை, தொடவே கூடாது. 34 முதல் 39 வரை உள்ளீட்டுக்கு மட்டும். அவற்றில் உள்ளமைந்த புல்-அப்பும் கிடையாது, கேள்வி 8-ல் சொன்ன ரெசிஸ்டரை வெளியில் வைக்க வேண்டும். 0, 2, 12, 15 ஆகியவற்றின் நிலையைப் போர்டு விழிக்கும் கணத்தில் படித்துப் பார்த்து எப்படித் தொடங்குவது என்று முடிவு செய்யும். உங்கள் ரிலே 12-ஆம் பின்னில் மாட்டப்பட்டு அதை 3.3 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடித்திருந்தால் ஃபிளாஷுக்குத் தப்பான வோல்ட் தேர்வாகி போர்டு எழாது.

கவலையில்லாமல் எடுக்க 18, 19, 21, 22, 23, 25, 26, 27, 32, 33 இருக்கின்றன. ஆனால் அனலாக் சென்சாருக்கு 32 முதல் 39 வரை உள்ள அனலாக் பின்களை மட்டுமே எடுங்கள். 25, 26, 27 போன்றவை இரண்டாவது அனலாக் பிரிவில் சேர்ந்தவை; வைஃபை ஓடும்போது அந்தப் பிரிவு வேலை செய்யாது. "வைஃபை சேர்க்கும்வரை மண் ஈர சென்சார் நன்றாக இருந்தது" என்று வருபவர்கள் எல்லோருக்கும் இதுதான் பதில்.

11. சென்சார் வேலை செய்கிறது, ஆனால் அளவு நம்பும்படி இல்லை.

எந்தச் சென்சார் என்பதைப் பொறுத்தது. டிஎச்டி11 (வெப்பநிலை, ஈரப்பதம் அளக்கும் சென்சார்) காட்டும் வெப்பநிலையே 2 டிகிரி வரை முன்பின் இருக்கலாம். துல்லியம் வேண்டுமென்றால் அது போதாது. டிஎச்டி22-ஐ இரண்டு வினாடிக்கு ஒருமுறைக்கு மேல் கேட்கக் கூடாது. டிஎஸ்18பி20 சரியாக 85 டிகிரி காட்டினால் அது அளவே இல்லை. மின்சாரம் வந்ததும் அதனுள் இருக்கும் ஆரம்ப எண் அது. அளந்து முடிக்க 750 மில்லிவினாடி வரை ஆகும், அதற்குள் படித்திருப்பீர்கள். அதே சென்சார் -127 காட்டினால் ஒயர் கழன்றிருக்கிறது, அல்லது 4.7 கிலோ ஓம் புல்-அப் வைக்க மறந்திருக்கிறீர்கள்.

பிஎம்இ280 கேட்டு வாங்கியதில் ஈரப்பதம் வரவில்லை என்றால், கைக்கு வந்தது பெரும்பாலும் பிஎம்பி280. பார்க்க ஒரே மாதிரி, ஆனால் அதில் ஈரப்பதம் அளக்கும் பகுதியே கிடையாது. மண்ணில் குத்தும் இரண்டு கால் உலோக சென்சார் சில வாரங்களில் அரித்துப்போகும், காரணம் மின்னாற்பகுப்பு. கெபாசிட்டிவ் வகையை வாங்குங்கள்.

அறை வெப்பநிலை எப்போதும் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே காட்டுகிறதா? சென்சாரைப் போர்டுக்குப் பக்கத்திலேயே, மூடிய பெட்டிக்குள் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வைஃபை ஓடும் சிப் சூடாகும். நீங்கள் அளப்பது அறையை அல்ல, பெட்டியை. ஒரு சாண் ஒயர் போட்டு வெளியே தள்ளிவையுங்கள்.

12. பாஸ்வேர்டு சரிதான், நூறு முறை பார்த்துவிட்டேன். வைஃபையில் சேரவே மாட்டேன் என்கிறது.

உங்கள் ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் ஒரே பெயரில் தருகிறதா? இஎஸ்பி32, இஎஸ்பி8266, பீகோ டபிள்யூ மூன்றுக்கும் 2.4 மட்டும்தான் தெரியும். ரவுட்டர் அமைப்பில் 2.4-க்குத் தனிப் பெயர் வையுங்கள். விருந்தினர் நெட்வொர்க் என்று ஒன்று இருந்தால் அதை 2.4-ல் வைத்துக் கருவிகளை அதில் சேர்ப்பது இன்னும் நல்லது, காரணம் கேள்வி 15-ல் வரும். பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் உண்டு.

13. வைஃபை தொடங்கும் கணத்தில் போர்டு ரீசெட் ஆகிவிடுகிறது. "பிரவுன்அவுட்" என்று ஏதோ வருகிறது.

மின்சாரம் போதவில்லை என்று போர்டே சொல்கிறது. வைஃபை அனுப்பும் கணங்களில் இஎஸ்பி32 240 மில்லிஆம்பியர் வரை, சில சமயம் அதற்கு மேலும் இழுக்கும். நீளமான மெல்லிய கேபிள், பலமில்லாத அடாப்டர், தளர்ந்த ஜம்பர் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அந்த ஒரு கணத்துக்கு வோல்ட் சரியும். சிப் தன்னைக் காத்துக்கொள்ள மறுபடி தொடங்கும்.

குட்டையான, தடித்த கேபிள் போடுங்கள். 5 வோல்ட் 1 ஆம்பியராவது தரும் அடாப்டர் வையுங்கள். மின்சாரத்துக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 470 மைக்ரோஃபாரட் அளவில் ஒரு கெபாசிட்டர் (மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்துவைக்கும் பாகம்) வைத்தால், அந்தச் சின்ன இடைவெளியை அது நிரப்பும் (நீளமான கால் மின்சாரப் பக்கம், மாற்றி வைத்தால் வெடிக்கலாம்). மோட்டாரையோ பம்பையோ போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்தே ஓட்டுபவர்கள் அதற்குத் தனி அடாப்டர் கொடுங்கள். கிரவுண்டைச் சேர்க்க மறக்காதீர்கள், கேள்வி 4.

14. சென்சார் அளவை இணையத்துக்கு எப்படி அனுப்புவது? எல்லோரும் எம்க்யூடிடி என்கிறார்களே, அது என்ன?

எளிய வழி, போர்டே ஒரு சின்ன இணையப் பக்கத்தைத் தருவது. ஒரே வைஃபையில் உள்ள கைபேசியில் அதன் முகவரியைத் திறந்தால் அளவு தெரியும். முதல் வெற்றிக்கு இது போதும், அதைப் பார்க்கும் மகிழ்ச்சியும் பெரிது. அடுத்த படி, எச்டிடிபி (இணையப் பக்கங்கள் பயன்படுத்தும் முறை) வழியாக ஏதாவது ஒரு சேவைக்கு அளவை அனுப்புவது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு எண்ணை அனுப்புபவருக்கு அதுவே போதும்.

கருவிகள் இரண்டு மூன்று ஆகி ஒன்றோடொன்று பேச வேண்டும் என்றால் எம்க்யூடிடி நன்றாகப் பொருந்தும். கருவிகள் சின்னச் செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் முறை அது; 1999-ல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் இருவரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக உருவாக்கியது. அந்த இணைப்பு மெதுவானது, விலை கூடியது. அதனால் செய்திகள் மிகச் சிறியதாக இருக்கும்படி செய்தார்கள். நம் சின்ன போர்டுகளுக்கு அது அப்படியே பொருந்திவிட்டது. நடுவில் புரோக்கர் என்று ஒரு நிரல் இருக்கும், மொஸ்கிட்டோ அதற்கு நல்ல இலவச உதாரணம். ஒரு கருவி "மாடி/வெப்பம்" என்ற தலைப்பில் 31 என்று சொல்லும். அந்தத் தலைப்பைக் கேட்கிறோம் என்று பதிந்துவைத்த எல்லோருக்கும் புரோக்கர் அதைக் கொடுக்கும். சொன்னவருக்குக் கேட்பவர் யார் என்று தெரிய வேண்டியதே இல்லை.

இரண்டு வசதிகளை ஆரம்பத்திலேயே பழகிக்கொள்ளுங்கள். செய்தியை "தக்கவைத்து" அனுப்பினால், பிறகு சேரும் கருவிக்கும் கடைசி அளவு உடனே கிடைக்கும். இணையும்போதே ஒரு "கடைசிச் செய்தி"யை ஒப்படைத்துவைத்தால், கருவி திடீரென்று செத்துப்போகும்போது புரோக்கர் அதை அறிவிக்கும். அளவு மாறவில்லையா, கருவியே இல்லையா என்று குழம்ப வேண்டியதில்லை.

15. வெளியூரில் இருக்கும்போதும் பார்க்க வேண்டும். ரவுட்டரில் ஒரு போர்ட்டை (இணையத்திலிருந்து உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்) திறந்துவிட்டால் போதும் என்கிறார்களே?

தயவுசெய்து வேண்டாம். 2016-ல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டு மாறாத கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் தேடித் தேடிப் பிடித்தது. அந்த அக்டோபரில் அவற்றைக் கொண்டு தளப் பெயர்களை முகவரியாக மாற்றித் தரும் டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது பெரிய பெரிய தளங்களே பலருக்குத் திறக்காமல் போயின. அதைச் செய்ய எந்த நுட்பமான உடைப்பும் தேவைப்படவில்லை; திறந்த கதவும் தெரிந்த சாவியும் போதுமாக இருந்தன.

கருவி வெளியே போய்ப் பேசட்டும், வெளியிலிருந்து யாரும் உள்ளே வர வேண்டாம். மறையாக்கம் உள்ள புரோக்கரோடு (எம்க்யூடிடிக்கு வழக்கமான போர்ட் 8883; 1883 திறந்த பேச்சு) கருவி இணைந்துகொண்டால், வெளியூரிலிருந்து நீங்களும் அதே புரோக்கரோடு பேசலாம். வீட்டுக்குள்ளேயே எல்லாம் இருக்க வேண்டும் என்றால் விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குப் பூட்டிய தனிவழி) அமையுங்கள். வைஃபை பாஸ்வேர்டை நிரலின் நடுவில் எழுதாமல் தனிக் கோப்பில் வையுங்கள். நிரலைப் பிறரோடு பகிரும்போது அந்தக் கோப்பை விட்டுவிடுங்கள்.

சான்றிதழ் (எதிர்ப்பக்கம் உண்மையானதுதான் என்று காட்டும் அத்தாட்சி) பிழை வருகிறது என்று பலர் சரிபார்ப்பையே அணைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் கடிகாரம். போர்டில் நேரம் நிற்காது, ஒவ்வொரு முறையும் 1970-ல்தான் கண்விழிக்கும். அந்தத் தேதியில் எந்தச் சான்றிதழும் செல்லாது. என்டிபி (இணையத்தில் நேரம் தரும் சேவை) வழியாக நேரத்தை வாங்கிக்கொண்டு, பிறகு இணையச் சொல்லுங்கள்.

16. ரிலே வைத்து வீட்டு விளக்கை இயக்கலாமா?

முதல் வருடத்தில் வேண்டாம் என்பதே என் பதில். 5 அல்லது 12 வோல்ட் விளக்கு, சின்ன பம்பு, மின்விசிறி இவற்றில் எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளலாம். வீட்டு மின்சாரம் ஒரே தப்பில் உயிரை எடுக்கும், தீயும் பிடிக்கும். பிரெட்போர்டும் ஜம்பர் ஒயரும் அதற்கானவை அல்ல. கட்டாயம் வேண்டும் என்றால், பாதுகாப்புச் சான்று பெற்ற, நீங்கள் கட்டளை அனுப்பக்கூடிய ஸ்மார்ட் பிளக் வாங்குங்கள். ஒயரிங் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

குறைந்த வோல்ட்டில் ரிலே பழகும்போது ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண 5 வோல்ட் ரிலேயின் சுருள் சுமார் 70 மில்லிஆம்பியர் கேட்கும். கேள்வி 5-ல் சொன்ன 20 எங்கே, இது எங்கே. அதனால் நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் (சின்ன மின்னோட்டத்தால் பெரியதை இயக்கும் பாகம்) வேண்டும். சுருளை அணைக்கும்போது அது திருப்பி அடிக்கும் உயர் வோல்ட்டை விழுங்க 1என்4007 போன்ற டயோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) ஒன்றைத் தலைகீழாக அதன் குறுக்கே வைக்க வேண்டும். கடையில் ரிலே மாட்யூல் என்று கிடைப்பதில் இவை ஏற்கெனவே இருக்கும்.

17. பேட்டரியில் எத்தனை நாள் ஓடும்?

வைஃபையை விடாமல் இயக்கினால் சராசரியாக 100 மில்லிஆம்பியர் என்று வையுங்கள். 2000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி 20 மணி நேரத்தில் தீரும். இதையே ஆழ்தூக்கத்தில் போட்டு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை 5 வினாடி மட்டும் எழுப்பி அனுப்பச் சொன்னால் சராசரி 0.56 மில்லிஆம்பியராக இறங்கும். கணக்குப்படி சுமார் ஐந்து மாதம்.

நடைமுறையில் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிட்டது என்று வருவீர்கள். சிப் தூங்கும்போது 10 மைக்ரோஆம்பியர் அளவே எடுக்கும், ஆனால் அதைச் சுற்றியுள்ள போர்டு தூங்குவதில்லை. மின்சார விளக்கு, யூஎஸ்பி சிப், ரெகுலேட்டர் (வோல்ட்டை 3.3-ஆகக் குறைத்துத் தரும் பாகம்) எல்லாம் சேர்ந்து 5 மில்லிஆம்பியர் எடுத்தாலே கதை முடிந்தது. போதாக்குறைக்கு, பல போர்டுகளில் உள்ள ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டருக்கு வெளியே தருவதைவிடச் சுமார் 1.1 வோல்ட் கூடுதலாக உள்ளே வேண்டும். 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரியால் அதைக் கொடுக்க முடியாது. பேட்டரிக்கென்றே வடிவமைத்த போர்டைத் தேடி வாங்குங்கள். லித்தியம் செல்லைப் பாதுகாப்புச் சுற்று இல்லாமல் சார்ஜ் செய்யாதீர்கள், உப்பியதைத் தொடர்ந்து பயன்படுத்தவே கூடாது.

18. இரண்டு நாள் நன்றாக ஓடுகிறது. அப்புறம் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறது.

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. மேசையில் ஓடும் சோதனைக்கும் உண்மையான கருவிக்கும் உள்ள வித்தியாசமே இதில்தான் இருக்கிறது. முதல் சந்தேகம்: வைஃபை ஒருமுறை அறுந்ததும் மறுபடி இணைய நிரலில் வழி இருக்கிறதா? தொடக்கத்தில் ஒருமுறை இணைத்ததோடு பலர் விட்டுவிடுவார்கள். ரவுட்டர் ஒருமுறை அணைந்து எழுந்தால் கருவி அநாதையாகிவிடும். ரவுட்டரை நீங்களே அணைத்துப் போட்டுப் பாருங்கள், இரண்டு நாள் காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, நினைவகம். ஆர்டுவினோவின் ஸ்ட்ரிங் வகையை (எழுத்துத் தொடர்களை வைக்கும் மாறி) நீட்டிக்கொண்டும் வெட்டிக்கொண்டும் இருந்தால் நினைவகம் துண்டு துண்டாகும். மொத்தத்தில் இடம் இருந்தும் சேர்ந்தாற்போல் கிடைக்காது. மீதி இடத்தை மணிக்கொருமுறை அச்சிட்டுப் பாருங்கள், இறங்கிக்கொண்டே போனால் திருடன் அங்கேதான். மூன்றாவது, நேரக் கணக்கு. போர்டு மில்லிவினாடிகளை எண்ணிவைக்கும் கணக்கு 49.7 நாளில் நிரம்பி மறுபடி 0 ஆகும். "இப்போது" என்பதிலிருந்து "முன்பு" என்பதைக் கழித்து இடைவெளியோடு ஒப்பிட்டால் பிரச்சினை வராது. "முன்பு"வோடு இடைவெளியைக் கூட்டி ஒப்பிட்டால் வரும்.

கடைசியாக வாட்ச்டாக். குறித்த நேரத்துக்குள் நிரல் அதைத் தட்டாவிட்டால் போர்டைத் தானே மறுதொடக்கம் செய்யும். அவசியம் வையுங்கள், ஆனால் ஒவ்வொரு தொடக்கத்திலும் எதனால் ரீசெட் ஆனது என்ற காரணத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் நோயை மூடி மறைத்ததாகிவிடும்.

19. செடிக்குத் தண்ணீர் விடும் கருவி செய்கிறேன். கைபேசியில் தட்டினால் பம்பு ஓடும், தட்டினால் நிற்கும். இது சரியான அமைப்பா?

பாதிதான் சரி. "ஓடு" என்ற செய்தி போய்ச் சேர்ந்து, "நில்" என்ற செய்தி வழியில் தொலைந்தால் என்ன ஆகும்? என் முதல் கருவியில் இதுவே நடந்தது. நடுவில் வைஃபை போய்விட்டது, பம்பு தொட்டி காலியாகும்வரை ஓடியது, நான் ஆசையாக வளர்த்த இரண்டு தொட்டிச் செடிகள் அழுகிப்போயின. அதன்பிறகு "நில்" என்ற செய்தியை எந்தக் கருவியிலும் நான் நம்புவதில்லை. "20 வினாடி ஓடு" என்று ஒரே கட்டளை அனுப்புகிறேன். எண்ணி நிறுத்துவது போர்டின் வேலை. அதற்கு மேல் எந்தக் கட்டளை வந்தாலும் 60 வினாடியைத் தாண்டக் கூடாது என்ற எல்லையும் போர்டிலேயே இருக்கிறது. மண் காய்ந்தால் தானே தண்ணீர் விடும் முடிவையும் போர்டே எடுக்கட்டும். இணையம் பார்ப்பதற்கும் மாற்றிச் சொல்வதற்கும் மட்டும்.

மின்சாரம் போய்த் திரும்பும் கணத்தையும் யோசியுங்கள். போர்டு விழிக்கும்போது பின்கள் சிறிது நேரம் கேள்வி 8-ல் சொன்னதுபோல் மிதக்கும், அப்போது ரிலே "டக்" என்று ஒருமுறை இழுக்கலாம். பம்பு அணைந்திருக்க அந்தப் பின் எந்த நிலையில் இருக்க வேண்டுமோ அந்தப் பக்கம் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டிவையுங்கள். பல ரிலே மாட்யூல்கள் 0 கொடுத்தால்தான் இயங்கும், எனவே உங்களுடையது எந்த வகை என்று முதலில் பாருங்கள். நிரலில் பின்னை வெளியீடாக மாற்றிய அடுத்த வரியே அதை அணைக்கும் வரியாக இருக்கட்டும். வைஃபை இணைப்பெல்லாம் அதற்குப் பிறகு. பிறகு பம்பைக் கழற்றிவிட்டு, மின்சாரத்தைப் பத்து முறை போட்டு அணைத்து ரிலேயைக் காது கொடுத்துக் கேளுங்கள். பத்து முறையும் அமைதியாக இருந்தால் பம்பை மாட்டலாம்.